அலை எழுப்பாது செல்க!

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியிலே, ஒருபால் அத்திலாந்திக் சமுத்திரமும் மறுபால் மெக்சிக்கோ வளைகுடாவும் தழுவ நீண்டு கிடப்பது புளோரிடா மாநிலம். அதன் ஆறுகளிலும் கடனீரேரிகளிலும் படகேறிச் செல்வோர், நீரின் நடுவே நாட்டப்பெற்ற தூண்களில் ஓர் அறிவித்தலை அடிக்கடி காண்பர். 'மெதுவாகச் செல்க, அலை எழுப்பாது செல்க' என்பது அதன் கருத்து. பாடசாலைக்கு அருகேயுள்ள தெருவில் இத்தகைய அறிவித்தல் ஒன்று நிற்குமாயின், அதனை எதிர்த்து எவரும் வழக்காடார். நீரின் நடுவே நிற்கும் இச்சிறு பலகையோ, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாநிலத்து மக்களை இரு கட்சியினராகப் பிரித்து வைத்திருக்கின்றது. சட்டசபை அதனை ஆராய்ந்தது. நீதிமன்றங்கள் அதனை விசாரித்தன. ஊர்க்கூட்டங்களில் அதன் பொருட்டு எழுந்த சினமும் கண்ணீரும் பல.

இவ்வழக்கில் மூன்றாவது கட்சிக்காரர் ஒருவரும் உளர். அவர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை; மனு எழுதுவதுமில்லை. மனாட்டி என்னும் நீர்வாழ் விலங்கே அவர். அவ்விலங்கின் உயிரைக் காக்கும் பொருட்டு மனிதர் தம் படகின் வேகத்தை எங்கே, எவ்வளவு குறைக்க வேண்டும், அவ்வாறு குறைக்கும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தலாமா என்பதே வழக்கு. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வினாவினுள், எந்நாட்டு மக்களும் எண்ணிப் பார்க்கவேண்டிய அறப்பிரச்சினை ஒன்று அடங்கியிருக்கின்றது. தீங்கு செய்யும் எண்ணம் சிறிதும் இல்லாதவர், தம் அன்றாட வாழ்வின் போக்கிலே பெருந்தீங்கு செய்துவிடுவாராயின், அவர் கையை எவ்வாறு தடுப்பது?

வாய்பேசாக் கட்சிக்காரர்

மனாட்டி மீன் அன்று; பாலூட்டி. தோற்றத்தில் திமிங்கிலத்தின் இனம்போலக் காணப்படினும், தரையில் வாழும் விலங்குகளுள் இதற்கு நெருங்கிய உறவு யானையே என்பர் உயிரியலார். வளர்ந்த மனாட்டி ஏறத்தாழப் பத்தடி நீளமும் ஆயிரம் இறாத்தல் நிறையும் உடையது. கடற்புற்களையும் நீர்ப்பூண்டுகளையும் மேய்வதே அதன் தொழில். ஓயாத மேய்ச்சலினால் தேய்ந்த பற்கள் முன்புறத்தே விழுந்துவிட, பின்னிருந்து புதிய பற்கள் வரிசையாக முன்னோக்கி நகர்ந்து வருதல் இயற்கை அதற்கு அளித்த கொடை. அது வேட்டையாடுவதில்லை. பகைவரை எதிர்க்கும் கொம்போ நகமோ அதனிடம் இல்லை. 1493ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே கரிபியத் தீவுகளின் அருகே பயணஞ் செய்த கொலம்பஸ், நீருக்கு மேலே எழுந்த கடற்கன்னியர் மூவரைக் கண்டதாகவும், ஓவியத்திற் காணும் அழகு அவர்களிடத்து இல்லை என்றும் குறித்து வைத்தான். அவன் கண்டவை மனாட்டிகளே என்பது அறிஞர் துணிபு.

உருவத்திற் பெரியதாயினும் இவ்விலங்கு குளிர் தாங்காது. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் தாழ்ந்து நிற்குமாயின் அது நோயுற்று மடியும். ஆதலின் குளிர்காலத்தில் மனாட்டிகள் கடலை விட்டு, நிலத்தடியிலிருந்து இளஞ்சூடான நீர் பெருகும் ஊற்றுகளை நாடி வருகின்றன. மின்சார நிலையங்கள் வெளியேற்றும் வெந்நீர்க் கால்வாய்களிலும் அவை நூற்றுக்கணக்கிற் கூடுவதுண்டு. பெண் மனாட்டி ஓராண்டுக்கும் மேலாகக் கருச்சுமந்து, பெரும்பாலும் ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்று பிறப்பதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் செல்லும். இவ்வாறு மெல்லப் பெருகும் இனத்தில், வளர்ந்த விலங்கொன்றின் சாவு ஒரு தலையின் இழப்போடு முடிவதில்லை. அது ஈன்றிருக்கக்கூடிய கன்றுகள் அனைத்தையும் நாம் உடன் இழக்கின்றோம்.

இக்குலத்தின் வரலாற்றில் அழியாத கறையொன்றும் உண்டு. வடபசிபிக் சமுத்திரத்தின் குளிர்நீரிலே வாழ்ந்த மிகப்பெரிய கடற்பசு இனம் ஒன்றை, 1741ஆம் ஆண்டு ஸ்ரெல்லர் என்னும் இயற்கைநூல் வல்லுநர் கண்டு விவரித்தார். உரோமத்துக்காகக் கடல் விலங்குகளை வேட்டையாடப் போந்தோர் அதன் இறைச்சியை உணவாகக் கொண்டனர். 1768ஆம் ஆண்டளவில் அவ்வினம் முற்றாக அழிந்தது. உலகம் அதனை அறிந்த நாளிலிருந்து அது மறைந்த நாள்வரை கழிந்தவை இருபத்தேழு ஆண்டுகளே. மனாட்டியின் காவலர் சிறு எண்ணிக்கைகளையும் அச்சத்தோடு நோக்குவதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம் எனலாம்.

வடுக்களே அடையாளம்

மனாட்டியும் படகும் ஒரே இடத்தை நாடுவதே துன்பத்துக்கு வித்து. கடற்புல் வளர்வது சூரிய ஒளி தரையை எட்டும் ஆழமற்ற நீரில். மேய வந்த விலங்கு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே எழுதல் வேண்டும். அதன் வழக்கமான நடை மணித்தியாலத்துக்கு மூன்று முதல் ஐந்து மைல் வரையே. அதே நீரில், வீட்டுக்கு வீடு இறங்குதுறை அமைத்துக்கொண்ட மக்கள் விரைவுப் படகுகளிற் செல்கின்றனர். புளோரிடாவிற் பதிவு செய்யப்பட்ட படகுகள் ஏறத்தாழப் பத்து இலட்சம். ஆழமற்ற நீரில் ஓடும் படகுக்குக் கீழே, பத்தடி நீளமான விலங்கு ஒதுங்குவதற்கு இடமிருப்பதில்லை. சுழலும் விசிறி முதுகைக் கிழிக்கும். விசிறி படாதபோதும் படகின் அடிப்பாகம் மோதிய மாத்திரத்தில் விலா எலும்புகள் முறிந்து நுரையீரலைத் துளைப்பதுண்டு.

அங்கே ஆராய்ச்சியாளர் 1970களின் பிற்பகுதி தொடக்கம் மனாட்டிகளின் படப்பதிவேடு ஒன்றைப் பேணி வருகின்றனர். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவதற்கு அவர்கள் நோக்குவது முகத்தையன்று. முதுகிலும் வாலிலும் படகுகள் எழுதிய வடுக்களையே நோக்குகின்றனர். 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, பத்தாண்டுக் காலத்தில் இறந்து கரையொதுங்கிய வளர்ந்த மனாட்டிகளை ஆராய்ந்தது. அவற்றுள் படகின் வடு இல்லாதவை நூற்றுக்கு நான்கே. நான்கிலொன்று பத்தும் அதற்கு மேலுமான தாக்குதல்களின் அடையாளங்களைத் தாங்கியிருந்தது. ஓர் உயிரினத்தின் அடையாள அட்டையே அதன் காயங்களாக அமைந்துவிட்டமை எத்துணைக் கொடிது!

கொல்லும் எண்ணம் இல்லாத கை

மனாட்டியைக் காக்கும் சட்டம் புதியதன்று. 1893ஆம் ஆண்டிலேயே புளோரிடா அதனைக் கொல்வதைத் தடைசெய்தது. 1907இல் மீறுவோருக்கு 500 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. பின்னர் 1967இல் மத்திய அரசாங்கம் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தது. 1972ஆம் ஆண்டின் கடற் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் அழியும் உயிரினங்கள் சட்டமும் அதற்கு மேலும் அரணாயின. இச்சட்டங்கள் முதலில் மனங்கொண்டிருந்தது வேட்டைக்காரனை. ஈட்டியும் துவக்கும் ஏந்தி வருபவனைச் சட்டம் எளிதில் அடையாளங் காணும். அவனது செயலில் எண்ணம் வெளிப்படையாக இருக்கின்றது.

படகோட்டியின் நிலை வேறு. விடுமுறை நாளிற் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கச் செல்லும் தந்தை, எந்த விலங்கையும் கொல்ல எண்ணினாரல்லர். படகுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டதை அவர் சில வேளை உணர்வதுமில்லை. அவரைக் குற்றவாளி என்று அழைக்க எவருக்கும் மனம் வராது. ஆயினும் விலங்கு இறந்தது இறந்ததுதான்.

இவ்விடத்தில் நம்மவர் நன்கறிந்த கதையொன்று நினைவுக்கு வருகின்றது. திருவாரூர் வீதியிலே இளவரசன் தேர் செலுத்தி வந்தான். துள்ளி வந்த பசுக்கன்று சில்லின் கீழ் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்டது. பெரியபுராணம் மனுநீதிச் சோழன்மேல் வைத்துக் கூறும் இதனையே, மகாவம்சம் அநுராதபுரத்தில் அரசிருந்த எல்லாளன்மேல் வைத்துக் கூறுகின்றது. இரு கதையிலும் இளவரசன் அறிந்து கொன்றானல்லன். அரசனோ எண்ணத்தைப் பாராது விளைவைப் பார்த்து, மகனுக்கு அதே தண்டனையை விதித்தான். அந்நீதியின் பெருமையை நாம் போற்றுகின்றோம். எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். 'இவ்வீதியில் தேர் மெல்லச் செல்லக் கடவது' என்றொரு கட்டளை முன்னரே இருந்திருப்பின், கன்றும் பிழைத்திருக்கும். மைந்தனும் தலை தப்பியிருப்பான். மணியோசை கேட்டபின் வழங்கும் நீதியிலும், மணி அடிக்கவேண்டிய தேவையே எழாமற் செய்யும் நீதி மேலானதன்றோ?

புளோரிடாவின் வேகக் கட்டுப்பாடு இத்தகைய முற்காப்பு நீதியே. 1978ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டசபை நிறைவேற்றிய மனாட்டிச் சரணாலயச் சட்டம், விலங்குகள் மிகுதியாகக் கூடும் நீர்ப்பரப்புகளிற் படகின் வேகத்தைக் கட்டுப்படுத்த அதிகாரம் அளித்தது. 1981இல் அப்போதைய ஆளுநர் பொப் கிரகாமும் பாடகர் ஜிம்மி பவெற்றும் மனாட்டிப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினர். 1989இல் ஆளுநரும் அமைச்சரவையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களுக்கு வேகவலயங்கள் வகுக்கும்படி பணித்தனர். அதன்பின்னரே வாதம் கொழுந்துவிட்டெரியத் தொடங்கியது.

'மெதுவாக' என்பதைச் சட்டம் வரையறுத்த முறை கவனிக்கற்பாலது. பல வலயங்களில் அது ஓர் எண்ணைக் குறிப்பிடவில்லை. விரைந்தோடும் படகின் முன்பக்கம் உயர்ந்து, உடல் நீரின் மேலே வழுக்கிச் செல்லும். அவ்வாறின்றிப் படகு முழுதும் நீரிற் படிந்து, மிகக் குறைந்த அலையோடு செல்லவேண்டும் என்பதே விதி. சாதாரண படகொன்றுக்கு அது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஏழு மைல் ஆகும். ஆழமான கால்வாய்களில் 25 அல்லது 30 மைல் வரை அனுமதிக்கும் வலயங்களும் உண்டு.

படகோட்டிகள் கூறுவது

எதிர்க்கட்சியினரை இரக்கமற்றோர் என ஒதுக்கிவிடுதல் எளிது, நீதியாகாது. அவர்கள் கூறும் நியாயங்களைச் செவிமடுத்தல் வேண்டும்.

முதலாவது, காலம். ஐந்து மைல் நீளமுள்ள நீர்வழியை மணித்தியாலத்துக்கு 25 மைல் வேகத்திற் கடப்பவருக்குச் செல்வது பன்னிரண்டு நிமிடம். ஏழு மைல் வேகத்திலோ நாற்பத்துமூன்று நிமிடம். போகவும் வரவும் கணக்கிட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழப்பு. உல்லாசத்துக்காகச் செல்பவர் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். நண்டுக் கூடு வைப்பவருக்கும், பிறரை மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கும் அது நாட்கூலியிலிருந்து கழிக்கப்படும் காசு.

இரண்டாவது, உரிமை. நீர்வழி பொதுமக்களின் சொத்து. பாட்டன் காலந்தொட்டுச் சென்றுவந்த பாதையில் அரசாங்கம் திடீரெனத் தூண் நாட்டுவது எவ்வாறு முறையாகும் என்பர். 2000ஆம் ஆண்டில் பாதுகாப்புச் சங்கமும் வேறு பல அமைப்புகளும் மத்திய அரசின் திணைக்களங்கள்மீது வழக்குத் தொடுத்தன. 2001 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டினால் புதிய சரணாலயங்கள் பிறந்தன. புதிய இறங்குதுறைகளுக்கு அனுமதி பெறுவதும் கடினமாயிற்று. நீர்க்கரையிற் காணி வாங்கியும் படகு கட்டத் துறை அமைக்க இயலாதவர் கொண்ட மனக்கசப்பு எளிதில் ஆறவில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. 1991இல் மாநிலம் முழுவதும் வானிலிருந்து எண்ணியபோது காணப்பட்டவை 1,267 மனாட்டிகள். 2015இல் எண்ணப்பட்டவை 6,000க்கு மேல். அழியும் இனம் எனில் அது பெருகியது எவ்வாறு என்று அவர்கள் வினவினர். 2012இல் இவ்வாதத்தை முன்வைத்து விண்ணப்பம் அனுப்பினர். 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு மனாட்டியை அழிநிலைப் பட்டியலிலிருந்து இறக்கி, அதற்கு அடுத்த படியான அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது.

நான்காவது வாதம் அறிவியல் சார்ந்தது. எட்மண்ட் கேர்ஸ்ரீன் என்னும் ஆராய்ச்சியாளர் மனாட்டியின் செவிப்புலனைச் சோதித்து, தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளை அது நன்கு கேட்பதில்லை எனக் கண்டார். மெல்லச் செல்லும் படகு எழுப்புவது அத்தகைய ஒலியே. எனவே வேகத்தைக் குறைப்பது விலங்கின் எச்சரிக்கையைப் பறிப்பதாகும். அதற்குக் கேட்கக்கூடிய ஒலிக்கருவியைப் படகிற் பொருத்துவதே பொருத்தம் என அவர் வாதித்தார். படகோட்டிகள் இக்கருத்தை விருப்போடு ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

மறுகட்சியினர் விடை

இவற்றுக்கு அளிக்கப்பட்ட விடைகளை நம் மாணவர் கணக்கிட்டே அறியலாம். இயங்கும் பொருளின் இயக்கப்பாட்டுச் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும். ஆகவே, ஏழு மைல் வேகத்திற் செல்லும் படகு முப்பது மைல் வேகத்தை எட்டும்போது, அதன் தாக்கும் சத்தி ஏறத்தாழப் பதினெட்டு மடங்காகின்றது. முன்னது தள்ளிவிடும், பின்னது கொன்றுவிடும். நேரமும் அவ்வாறே. நூறடி தூரத்தில் இருக்கும் விலங்கை முப்பது மைல் வேகப் படகு இரண்டு செக்கனுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் எட்டிவிடும். ஏழு மைல் வேகப் படகுக்குப் பத்துச் செக்கன் வேண்டும். அந்த எட்டுச் செக்கன் ஒரு மனாட்டி ஆழத்துக்குச் செல்லப் போதுமான அவகாசம். படகோட்டி அதனைக் கண்டு திருப்புவதற்கும் போதும்.

செவிப்புலன் பற்றிய வாதத்துக்கும் களஆய்வுகள் விடை தந்தன. கருவிகள் பொருத்தி மனாட்டிகளைப் பின்தொடர்ந்து, 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, படகு மெல்ல அணுகியபோது அவற்றுக்கு விலகக் கூடுதலான நேரம் கிடைத்ததைக் காட்டியது. அதற்கு முன்னரே, 2006இல், பிரெவாட் மாவட்டத்தின் நீர்வழிகள் சிலவற்றில் வேகவலயம் வகுத்தபின் படகினால் நேர்ந்த சாவு குறைந்தமைக்கான முதற் சான்றுகளை ஆய்வாளர் இருவர் வெளியிட்டிருந்தனர். எண்ணிக்கை பெருகியது குறித்தும் காவலர் கட்சிக்கு ஒரு சொல் உண்டு. வானிலையும் எண்ணும் முறையும் மாறுவதால் ஆண்டுக்காண்டு எண்ணிக்கை மாறும் என்பது ஒன்று. காவல் இருந்தமையாலேயே பெருகிய இனத்தைக் காட்டிக் காவலை நீக்கச் சொல்வது, மருந்தினால் நோய் தணிந்தவன் மருந்தைக் குப்பையில் எறிவதைப் போலாகும் என்பது மற்றொன்று.

ஆயினும் சட்டம் இருந்தும் சாவு நின்றபாடில்லை. 2019ஆம் ஆண்டில் மாத்திரம் 130க்கு மேற்பட்ட மனாட்டிகள் படகு மோதி இறந்தன. பொதுவாக, பதிவாகும் சாவுகளில் ஐந்திலொன்று முதல் நான்கிலொன்று வரை படகினால் விளைவன. பலகை நாட்டுவது ஒன்று. அதனை மதித்து நடப்பது வேறொன்று.

ஒரே மேசையில் இரு கட்சியினர்

இவ்விவாதத்தின் வரலாற்றில் நம் கருத்தைக் கவர்வது, எதிரெதிர் வாதங்கள் சட்டத்தைச் செப்பஞ் செய்தமையே. மாநிலம் முழுவதும் படகு வேகத்தைப் பொதுவாகக் கட்டுப்படுத்துவது தன் நோக்கமன்று என்றும், மீன்பிடிப்போர், படகோட்டுவோர், நீர்ச்சறுக்கு விளையாடுவோர் ஆகியோரின் உரிமையில் அளவுமீறித் தலையிடலாகாது என்றும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. ஆதலின் மனாட்டி அடிக்கடி காணப்படும் இடம் எது, கால்வாயின் நடுப்பகுதியை விட்டுக் கரையோரத்தை மாத்திரம் காத்தாற் போதுமா, குளிர்காலத்துக்கு மட்டும் கட்டுப்பாடு தகுமா என்றெல்லாம் இடத்துக்கு இடம் ஆராயவேண்டியதாயிற்று.

புதிய வேகவிதி வகுக்கப்படுமுன் அவ்வூரில் ஒரு மீளாய்வுக் குழு கூடவேண்டும் என்பதும் பின்னர் சட்டமாயிற்று. அக்குழுவில் நீர்வழியைப் பயன்படுத்துவோரும் மனாட்டியின் சார்பில் நிற்போரும் இயன்றவரை சம எண்ணிக்கையினராய் இருத்தல் வேண்டும். அவர்களுடைய முடிவை அரசு முற்றாக ஏற்றேயாக வேண்டும் என்பதில்லை. எனினும் செய்தித்தாளின் வழியே வசைபாடிக் கொண்டவர்கள் ஒரே வரைபடத்தைச் சுற்றி அமர்ந்து, 'இந்த முனை வரையா, அந்தத் தூண் வரையா' என்று பேசும் நிலை அதனால் உண்டாயிற்று. கோட்பாட்டைப் பற்றிச் சண்டையிடுவோர் எளிதில் இணங்கார். நூறு யாரைப் பற்றிப் பேசுவோர் இணங்குவதுண்டு.

எல்லா இடத்திலும் இணக்கம் மலர்ந்தது எனக் கூறுவதற்கில்லை. கிறிஸ்டல் றிவர் என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அதனை அடுத்த கிங்ஸ் பே என்னும் நீர்நிலையில் ஊற்றுகள் பல உண்டு. குளிர்காலத்தில் மனாட்டிகளைக் காண்பதற்கும் அவற்றோடு நீந்துவதற்கும் உல்லாசப் பிரயாணிகள் அங்கே திரள்கின்றனர். ஊரின் வருவாயில் அவ்விலங்குக்குப் பெரும்பங்கு உண்டு. எனினும் 2011இல் கோடையிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதி முன்மொழியப்பட்டபோது, அங்கே கோடைதோறும் நீர்ச்சறுக்கு விளையாடிவந்த ஊரவர் பலர் வெகுண்டனர். மனாட்டியை வெறுத்து அவர்கள் பேசவில்லை. தமக்கெனக் கோடையில் எஞ்சியிருந்த சிறு நீர்ப்பரப்பும் பறிபோகின்றதே என்றே பேசினர். 2012இல் அந்நீர்நிலை மனாட்டிப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஒருயிரை நேசித்தல் எளிது. அதற்காக நம் பழக்கமொன்றை விடுதல் அரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பசி தந்த பாடம்

இரு கட்சியினரும் வேகத்தைப் பற்றி வாதிட்டுக் கொண்டிருக்க, வேறொரு கேடு ஓசையின்றி வளர்ந்தது. புளோரிடாவின் கிழக்குக் கரையோரமாக நீண்டு செல்லும் இந்தியன் றிவர் கடனீரேரியில், வயல்களின் உரமும் வீடுகளின் கழிவுநீரும் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்தன. அதனாற் பாசி பெருகி நீர் கலங்கியது; ஒளி தரையை எட்டாதாயிற்று; பாதிக்கு மேற்பட்ட கடற்புல் மடிந்தது. 2021ஆம் ஆண்டில் புளோரிடாவில் இறந்த மனாட்டிகள் ஏறத்தாழ 1,100. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 800. அவற்றுட் பல படகினால் இறக்கவில்லை, பசியால் இறந்தன. காட்டு விலங்குக்கு மனிதர் உணவூட்டலாகாது என்னும் விதியைத் தளர்த்தி, அரசே மின்நிலையம் ஒன்றின் வெந்நீர்க் கால்வாயில் சலாது இலைகளைத் தூவியது. முதற் குளிர்காலத்தில் மாத்திரம் இரண்டு இலட்சம் இறாத்தலுக்கு மேற்பட்ட இலைகள் வழங்கப்பட்டன.

படகோட்டிகளுக்கு இது ஒரு வாதமாயிற்று. 'எங்களைத் தடுத்தீர்கள், கொன்றதோ கழிவுநீர்' என்றனர். அதில் உண்மை உண்டு. கண்ணுக்குத் தெரியும் படகோட்டியைக் கட்டுப்படுத்துவது எளிது. ஆயிரம் வீடுகளின் கழிவுக் குழிகளையும் புற்றரைகளுக்கு இடும் உரத்தையும் கட்டுப்படுத்துவது அரிது. எளியதைச் செய்துவிட்டு அரியதை மறந்திருப்பது எல்லா அரசுகளுக்கும் இயல்பான குறையே.

ஆயினும் அவ்வுண்மையிலிருந்து வேகத்தைக் கூட்டலாம் என்னும் முடிவு பிறவாது. பசியாற் குறைந்த கூட்டத்தில், எஞ்சிய ஒவ்வொரு தாய்விலங்கின் விலையும் கூடுகின்றதேயன்றிக் குறைவதில்லை. 2021-22ஆம் ஆண்டுகளின் கணிப்பு, புளோரிடாவில் 8,350 முதல் 11,730 வரை மனாட்டிகள் இருக்கலாம் எனக் காட்டியது. கடற்புல் மீண்டும் தழைக்க ஆண்டுகள் பல செல்லும். படகின் வேகத்தை இன்றே குறைக்கலாம். ஒரு நோய்க்கு இரு காரணங்கள் உண்டெனில், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மன்னிக்கும் வைத்தியர் நல்ல வைத்தியராகார். படகோட்டி இழக்கும் அரை மணித்தியாலம் உண்மையான இழப்பே. அவ்விழப்பை அவர் மனமுவந்து ஏற்கவேண்டுமாயின், உரமிடுவோரும் கழிவுநீர் விடுவோரும் தம் பங்கை ஏற்பதை அவர் காணல் வேண்டும். சுமையைப் பகிர்ந்தளிக்காத சட்டம், நல்ல நோக்கம் உடையதாயினும், நெடுநாள் மதிக்கப்படுவதில்லை.

நமது கடலிலும்

மனாட்டியின் நெருங்கிய உறவினம் ஒன்று நமது கடலிலும் உண்டு. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் வழங்கப்படும் விலங்கே அது. மனாட்டியின் வால் துடுப்புப்போல் வட்டமாயிருக்க, இதன் வால் ஓங்கிலின் வால்போற் பிளவுபட்டிருக்கும். ஒரு காலத்திற் கூட்டங் கூட்டமாக மேய்ந்த அவ்வினத்தை இன்று காண்பது அரிது. இலங்கையிலும் இந்தியாவிலும் சட்டம் அதனைக் காக்கின்றது; 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் தமிழ்நாடு அரசு பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இங்கே அதற்கு எமனாவது பெரும்பாலும் விரைவுப் படகன்று. வலையும், வெடிவைத்து மீன்பிடித்தலும், இறைச்சி ஆசையும் ஆகும். வேறு மீனுக்காக விரித்த வலையில் மூச்சுத் திணறி அது இறக்கும்போது, வலை விரித்த ஏழை மீனவர் கொல்ல எண்ணியிருக்க மாட்டார். புளோரிடாவின் படகோட்டியைப் பற்றி எழுந்த அதே வினா, நம் கரையிலே வலைஞரைப் பற்றி எழுகின்றது. அங்கே கேட்கப்படுவது ஓய்வு நேரத்தின் ஒரு பகுதி. இங்கே கேட்கப்படுவது உலைக்கு வைக்கும் அரிசி. ஆதலின் இங்கே விடை காண்போர் மேலும் கவனத்தோடும் இரக்கத்தோடும் காணல் வேண்டும். மீனவரை மேசைக்கு அழைத்த பின்னரே விதியை எழுதல் வேண்டும்.

ஆசிரியர் எவரேனும் இப்பொருளை வகுப்பறையில் விவாதத்துக்கு விடுவாராயின், மாணவரை ஒருமுறை படகோட்டியின் கட்சியிலும் மறுமுறை மனாட்டியின் கட்சியிலும் நின்று பேசச் செய்வது நன்று. முடிவில் அவர்கள் எக்கட்சியைச் சார்ந்தாலும், ஒன்றை உணர்ந்திருப்பர். நீருக்கு மேலே செல்பவனுக்கு நீருக்குக் கீழே உள்ளது தெரிவதில்லை. தெரியாதவிடத்து மெல்லச் செல்லுதல் கோழைமையன்று, அறிவுடைமை. ஆராய்ச்சி மணியின் கயிறு எட்டாத உயிர்களுக்கு, அந்தத் தூணில் நிற்கும் சிறு பலகையே மணி.